இளவல்

நெற்றி விளிம்பில் டை தடவும்போது மட்டும் கலியமூர்த்தி மூச்சை அடக்கிக்கொள்கிறான். தோலில் பட்டால் லேசில் போகாது, சாயங்காலம் மேடை விளக்கில் திட்டுத் திட்டாகத் தெரியும் என்கிறான். நல்ல மனுஷன். பல வருஷமாக என் தலை இவன் கையில்தான், வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை. முதலில் ஜில்லென்று இருக்கும், அப்புறம் அரிக்கும், நாளைக்கு இமை இரண்டும் வீங்கும். தோல் டாக்டர் போன தடவையே கையெடுத்துக் கும்பிட்டார், சார் உங்கள் உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள், அறுபத்தாறு வயதில் நரையும் ஒரு அழகுதான் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும். எங்கள் கட்சியில் நரைக்கக் கூடாது. அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது, ஆனால் தலைவருக்கு எண்பத்தாறு வயது, அவர் தலை கருகருவென்று இருக்கிறது, அவருடைய தம்பிகள் நாங்கள் வெளுத்த தலையோடு எப்படிப் பக்கத்தில் உட்காருவது. புலவர் மாணிக்கனார் ஒருமுறை உட்கார்ந்தார். மனைவி செத்த துக்கத்தில் தலையைக் கவனிக்காமல் செயற்குழுவுக்கு அப்படியே வந்துவிட்டார், பஞ்சாக வெளுத்திருந்தது. தலைவர் எழுந்து நின்றார். "வாங்க வாங்க, என்னைவிடப் பெரியவங்க வந்துட்டீங்க, இனிமே நீங்கதான் இந்த நாற்காலியில உட்காரணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம், புலவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த மாற்றத்தில் புலவருக்குப் பொறுப்பு இல்லை. அந்த வாரம் ஊர் ஊராகக் கட்சிக்காரர்கள் சலூனில் போய் உட்கார்ந்தார்கள். மாநாட்டில் மேலேயிருந்து படம் எடுத்தால் ஒரே கருப்பு, அதைப் பார்த்துவிட்டுத் தலைவர் நம்முடையது இளைஞர் பட்டாளம் என்று தலையங்கம் எழுதினார். அரிப்பு ஆரம்பித்துவிட்டது. பரவாயில்லை, இன்றைக்கு ஒரு நாள். சாயங்காலம் திருச்சியில் பொதுக்குழு, தமக்குப் பின் கட்சிக்கு யார் என்று தலைவர் தம் வாயால் சொல்லப்போகிறார், சொல்லி முடித்ததும் எழுந்து நின்று கும்பிடப்போகிறவன் நான். அதற்கப்புறம் நரைத்தால் நரைக்கட்டும், கேட்க யார் இருக்கிறார்கள்.

முந்தாநாள் போன் வந்தது. உதவியாளர் யாரும் நடுவில் இல்லாமல் தலைவரே பேசினார். குரல் நடுங்கியது, இப்போதெல்லாம் நடுங்குகிறது, ஆனால் சொல் நடுங்குவதில்லை. "பொதுக்குழுவிலே கட்சியை இளவல் கையிலே ஒப்படைச்சிட்டு நான் ஓய்வா உட்காரலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?" என்றார். இளவல் என்றால் இந்தக் கட்சியில் நான்தான். அகராதியில் தம்பி என்று போட்டிருக்கும், அது அகராதிக்கு. மன்னார்குடிக் கூட்டத்தில் தலைவருக்குத் தொண்டை கட்டி ஒரு சொல்லும் வெளியே வராமல் நின்றபோது, அவர் எழுதி வைத்திருந்ததை வாங்கி நான் படித்தேன். எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்காத வயது. அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் துண்டைச் சரிசெய்கிற இடத்தில் இல்லாத துண்டைச் சரிசெய்து, முடித்தபோது கைதட்டல் அடங்கவில்லை. தலைவர் என் தோளில் கை போட்டு, கட்டிய தொண்டையோடு, இவன் என் இளவல் என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பஞ்சநாதன் என்று அப்பா வைத்த பெயரை இளவழகன் என்று மாற்றியதும் அவர்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சுவரொட்டியில் இளவல், காரின் பின்கண்ணாடியில் இளவல், மகள் கல்யாணத்துக்கு வைத்த வளைவில் இளவல் இல்லத் திருமண விழா. கும்பகோணத்தில் என் வீட்டுக்கு வழி கேட்டால் இளவல் வீடா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். முகத்துக்கு நேரே பேசும்போதுகூடத் தலைவர் யாரோ மூன்றாம் மனிதனைச் சொல்வதுபோலத்தான் கொஞ்சுவார், இளவல் சாப்பிட்டாரா, இளவலுக்கு இன்னும் கோபம் தீரலையா என்று. அதனால் முந்தாநாள் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தலைவரே, இதுக்கு மேலே எனக்கு என்ன வேணும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு, "அப்போ உனக்குச் சம்மதம்தானே?" என்றார். "என்னைக் கேக்கணுமா தலைவரே?" "உன்னைக் கேக்காமச் செய்வேனா? மாவட்டச் செயலாளருங்க பாதிப் பேரு உன் சொல்லைத்தானே கேப்பாங்க." "அவங்களை நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்தும்கொண்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தலைவர் எதை அறிவித்தாலும் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்க வேண்டும் என்று வாக்கு வாங்கினேன். எதை என்று சொல்லவில்லை. அதை என் வாயால் நானே எப்படிச் சொல்வது, அதோடு தலைவர் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் வெளியே கசிந்த எந்தப் பதவியும் எங்கள் கட்சியில் பிழைத்ததில்லை. தையல்நாயகியிடம் மட்டும் சொன்னேன். கட்டின மனைவியிடமும் சொல்லாமல் இருக்க முடியுமா. இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தவள், "இளவழகன்னு உங்க பேரைச் சொன்னாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேரை வேற சொல்லணுமா? உனக்கு எதுலயும் ஒரு குத்தம்." "சரி சரி, நல்லது நடந்தாச் சரி" என்று அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றப் போய்விட்டாள்.

"கொஞ்ச நேரம் அசையாம இருங்கய்யா, ஊறட்டும்" என்று தலைக்குப் பாலிதீன் உறை மாட்டிவிட்டுக் கலியமூர்த்தி பக்கத்து நாற்காலிக்குப் போகிறான். அங்கே ஒரு பையன், கல்லூரி முடித்த வயது இருக்கும், முகமெல்லாம் சோப்பு நுரை. கழுத்துவரை துணியும் தலையில் உறையுமாக நான் யாரென்று அவனுக்குத் தெரிய வழியில்லை, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. மூலையில் டி.வி. ஓடுகிறது. திருச்சி. மண்டப வாசல், வாழைமரம், நம்முடைய கொடி. "உங்க கூட்டம்தான்யா" என்று கலியமூர்த்தி கண்ணால் காட்டுகிறான். ஒரு வளைவு தெரிகிறது, ஆளுயர எழுத்து, இளவலே வருக, இனத்தின் நாளையே வருக. எப்படி வெளியே போனது, எவன் மோப்பம் பிடித்தான், ராயப்பனாகத்தான் இருக்கும், தெற்கு மாவட்டச் செயலாளன், அவனுக்கு மூக்கு நீளம், நான் வாக்கு வாங்கிய தோரணையிலேயே கண்டுபிடித்திருப்பான், போனதும் நாலு பேர் முன்னால் அவனைத் திட்ட வேண்டும், திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். நாளையே வருக என்பதுதான் கொஞ்சம் மிகை, அறுபத்தாறு வயதுக்காரனைப் பார்த்து நாளையே என்றால் எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான். கேமரா நகர்கிறது. எழுத்துக்குப் பக்கத்தில் படம். ஒட்ட வெட்டிய தாடி, வரிசைப் பல், கையை உயர்த்திச் சிரிக்கிற ஒரு இளம் முகம். படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைக்கிறேன், ஆமாம், அச்சடிக்கிறவன் தப்பு, கடைசி நேரத்தில் அவசரமாகக் கேட்டால் இப்படித்தான் செய்வான். அடுத்த பேனரிலும் அதே முகம். அதற்கடுத்ததிலும். கீழே எழுத்து ஓடுகிறது, இளவல் நிரஞ்சன். தலைவரின் பேரன், முப்பத்தொரு வயது, நேற்றுவரை அவன் வெறும் தம்பி நிரஞ்சன், இளைஞரணியில் ஏதோ ஒருங்கிணைப்பாளர், என்னைப் பார்த்தால் காலைத் தொட வருவான், நான் தடுப்பேன். ஊருக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைத்தவர் வீட்டில் நிரஞ்சன். மைக்கைப் பிடித்த பெண் மூச்சுவிடாமல் சொல்கிறாள், இளவல் என்று தொண்டர்களால் அன்போடு அழைக்கப்படும் நிரஞ்சன் இன்று தலைமைப் பொறுப்பேற்கிறார், மூத்த நிர்வாகிகள் அனைவரும் வழிகாட்டும் குழுவுக்கு மாற்றப்படுவார்கள் என்று தெரிகிறது. தொண்டர்களால் அழைக்கப்படும். எந்தத் தொண்டன், எப்போது அழைத்தான்.

நான்தான் தவறாகக் கேட்டுக்கொண்டேனோ. இருக்கலாம். வயதானவர், மனதில் பேரனை நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார், நான் என்னை நினைத்துக்கொண்டு கேட்டிருப்பேன், யார்மேலும் குற்றமில்லை. இல்லை. அவரை எனக்குத் தெரியும். ஒற்று விட்டுப்போனது என்று அச்சடித்து வந்த சுவரொட்டி முழுவதையும் திருப்பி அனுப்பியவர். முன்மொழிகிறேன் என்பதற்குப் பதில் வழிமொழிகிறேன் என்று நான் வாய் தவறியபோது கூட்டத்தையே நிறுத்தி, மறுபடி சொல் என்றவர். அப்படிப்பட்டவர் வாயில், அதுவும் என்னிடம், அந்தச் சொல் சும்மா வந்து விழுமா. நிரஞ்சனுக்குத் தரப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன், நாலு பேரைக் கூப்பிட்டிருப்பேன், பொதுக்குழுவில் பாதிக் கை தூக்கியிருக்காது. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் இருக்கிற சொற்களிலெல்லாம் தேடி அந்த ஒன்றை எடுத்தார். நான் அழுதேனே. ஏன் அழுதேன் என்று அவருக்குத் தெரியாதா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாரே, அவர் அழவில்லை, நான் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டுச் சம்மதம்தானே என்றார். பாவி. பெற்ற அப்பன் சாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. "இந்தக் கெழவனுங்க ஒதுங்கிக்கிட்டாப் போதும்ணே, கட்சி தானா உருப்படும்" என்கிறான் பக்கத்து நாற்காலிப் பையன், டி.வி.யைப் பார்த்தபடி. கலியமூர்த்தி தொண்டையைச் செருமுகிறான். பையனுக்குப் புரியவில்லை. "எங்க ஒதுங்குவானுங்க. தலைக்கு டையை அடிச்சிக்கிட்டு அடுத்தது நானு, அடுத்தது நானுன்னு உக்காந்திருப்பானுங்க." "தம்பி, பேசாம இருங்க, கத்தி பட்டுடும்." உறைக்குள் தலை வேகிறது, அரிப்பு பின்கழுத்துக்கு இறங்கிவிட்டது, கையை வெளியே எடுத்துச் சொறிந்தால் அவன் திரும்பிப் பார்ப்பான். அவன் சொன்னதில் என்ன தப்பு. இளவட்டமாக இருந்தபோது தேர்தலில் நிற்கக் கேட்டேன், பொறு, உனக்கு வயசிருக்கு என்றார். தலையில் முதல் நரை தெரிந்தபோது பொதுச்செயலாளர் இடம் காலியானது, கேட்டேன், பொறு, உனக்கு வயசிருக்கு. மகளுக்குக் குழந்தை பிறந்த வருஷமும் கேட்டேன், அப்போதும் இருந்தது. எந்தக் காலையில் அந்த வயசு தீர்ந்துபோனது, எனக்கு யாரும் சொல்லவில்லையே. நேற்றுவரை வயது பற்றாதவன், இன்றைக்கு வயது மீறியவன், நடுவில் ஒரு நாள்கூட எனக்குச் சரியான வயதாக இல்லை.

துணிக்கடியில் போன் கையில்தான் இருக்கிறது. ஒரு போன் போதும். ராயப்பனைக் கூப்பிட்டு, வாக்கை நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், கையைத் தூக்காதே என்றால் அவன் மற்றவர்களுக்குச் சொல்வான், மத்தியானத்துக்குள் டெல்டா முழுக்கத் திரும்பிவிடும், சாயங்காலம் தீர்மானம் தோற்கும், இல்லாவிட்டால் கட்சி இரண்டாகும். இரண்டாகட்டுமே. யார் வளர்த்த கட்சி. ராயப்பன் என்ற பெயரைத் தேடி எடுத்துவிட்டேன், கட்டைவிரல் மேலே நிற்கிறது. அவன் என்ன கேட்பான். அண்ணே, என்ன அறிவிச்சாலும்னு நீங்கதானே வாக்கு வாங்கினீங்க என்பான். ஆமாம் ராயப்பா, ஆனால் நான் என்ன நினைத்தேன் என்றால். என்ன நினைத்தீங்க. இளவல் என்று சொன்னார், நான் என்னைத்தான் என்று. அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். கட்சி முழுக்கச் சிரிக்கும். இளவல் தன்னையே இளவல்னு நெனச்சிக்கிட்டாராம். சிரிக்கட்டும், சிரித்துவிட்டுக் கையைக் கீழே வைத்திருக்கட்டும், அது போதும். அழுத்தப்போகிறேன். போன் கையில் அதிர்கிறது. திரையில் தலைவர். முதுகு தானாக நிமிர்கிறது, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்துவிட்டேன், துணி இழுத்துப் பிடித்தது.

"இளவழகா" என்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "டி.வி. பாத்தியா?" "பாத்தேன் தலைவரே." "பசங்க அவசரப்பட்டு காலையிலயே பேனரை வெச்சுட்டானுங்க. சரி போகட்டும். நீ அன்னிக்கு அழுதியே, அப்பவே எனக்கு நிம்மதியாயிடுச்சு. வேற எவனா இருந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பான். நீ என் பேரனுக்காகச் சந்தோஷத்துல அழுதே பாரு, அதை நான் மறக்க மாட்டேன்." இதோ, இப்போது சொல்ல வேண்டும். எனக்காக அழுதேன், உன் பேரனுக்காக எவன் அழுவான் என்று சொல்ல வேண்டும். "தலைவரே, நான் இளவல்னா…" "ஆமா, அந்தப் பேரு அவனுக்கு இருக்கட்டும்னு நெனச்சேன். உனக்கு இனிமே அது எதுக்கு?" எனக்கு இனிமேல் எதற்கு. சட்டையைக் கழற்றிக் கொடு, உனக்குத்தான் சின்னதாகிவிட்டதே என்பதுபோலச் சொல்கிறார். தெரிந்தேதான் செய்தார், இனிச் சந்தேகமில்லை, எனக்கு அந்த ஒரு ஆறுதலையும் அவர் விட்டுவைக்கவில்லை. "சாயங்காலம் தீர்மானத்தை முன்மொழியறது நீதான்" என்கிறார். "அப்புறம் இன்னொன்னு. டையெல்லாம் அடிச்சிக்கிட்டு வந்துடாதே. நரைச்ச தலையோட வா. நீ அவன் தலையில கை வெச்சு வாழ்த்தற படம் நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரணும். ஒரு பெரியவரு வாழ்த்தின மாதிரி இருக்கணும்." "நீங்க வாழ்த்தலையா தலைவரே?" எப்படியோ கேட்டுவிட்டேன். "எனக்கு என்ன, அவ்வளவு வயசா ஆயிட்டுது?" என்று சிரிக்கிறார், சிரிப்பு இருமலாகிறது, இருமல் அடங்கும்வரை போனைக் காதில் வைத்துக் காத்திருக்கிறேன். "என்ன, சத்தத்தைக் காணோம்?" "சரிங்க தலைவரே" என்கிறது என் வாய்.

பையன் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கலியமூர்த்தி தலையைத் தொட்டியில் சாய்த்து அலசுகிறான், கருப்புத் தண்ணீர் ஓடுகிறது, துண்டால் துவட்டி நிமிர்த்துகிறான். கண்ணாடியில் எவனோ ஒருவன், கரிக்கட்டை மாதிரித் தலை, அதற்குக் கீழே தொங்கிப்போன கன்னம். என்றைக்கும் இவ்வளவு நன்றாகப் பிடித்ததில்லை. "இதை எடுக்க முடியுமா கலியமூர்த்தி?" "என்னய்யா, இப்பப் போயிச் சொல்றீங்க. வளந்து வெட்டினாத்தான் போகும்." அப்படியானால் சரி. இது கடவுளே செய்ததுபோல, கடவுள் இல்லை, சரி, எதுவோ செய்ததுபோல. இந்தத் தலையோடுதான் போவேன். அவர் சொன்னதைக் கேட்காமல் என் ஆயுசில் ஒன்றாவது நடக்கட்டும். கருப்புத் தலையோடு மேடை ஏறி, பேரனுக்குப் பக்கத்தில் போய் நின்று, மைக்கைப் பிடித்து, இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை, கட்சியில் இளவல் என்றால் யார் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியும், கை தூக்குகிறவன் என் முகத்தைப் பார்த்துத் தூக்கட்டும் என்பேன். சொல்லிவிடுவேன். ஏற்ற இறக்கம்கூட மனதில் வந்துவிட்டது, முகத்தைப் பார்த்து என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். புலவர் மாணிக்கனார் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார், எழுந்து உட்காருவார். தையல்நாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள். ராயப்பன் பெயர் திரையில் அப்படியே இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது, கார் வாசலில் நிற்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால் வாலிபம் திரும்பிவிட்டதுபோல இருக்கிறது. கலியமூர்த்தி துணியை அவிழ்க்க வருகிறான். அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறேன்.

"ஏம்ப்பா, பவுடர் போட்டா எப்படியிருக்கும்?" என்கிறேன்.

"எதுக்குய்யா?"

"நரைச்ச மாதிரி தெரியுமா?"

கண்ணாடிக்குள் அவன் என்னைப் பார்க்கிறான். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கையாலும் தேய்த்து முன்தலையில் தட்டுகிறான். தோளெல்லாம் வெள்ளையாக உதிர்கிறது. தும்மல் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

"போதுமாய்யா?"

"காதோரமும் போடு" என்கிறேன். "படத்துல தெரியணும்."